அடுப்படிக்கு அப்பால்: காயைத் தொடும் முன்னால் ஒரு கேள்வி



போன இதழில் குழந்தைகளின் பரீட்சை பயத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி வேறொரு விஷயம் கேட்டு எழுதியிருக்கிறார்.

"என் பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொண்டு வந்து, 'அம்மா, விளையாட வா' என்று தினமும் நச்சரிக்கிறான். எந்தக் காய் எப்படிப் போகும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் தோற்றுவிடுகிறேன். அவன் கைகொட்டிச் சிரிக்கிறான். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. இனிமேல் இதெல்லாம் எனக்கு வருமா? இல்லை, 'அப்பா வந்ததும் விளையாடு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?"

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் தொண்டையை அடைத்தது. ஏனென்றால், இந்தக் கடிதத்தைப் பத்து வருஷத்துக்கு முன்னால் நானே யாருக்காவது எழுதியிருப்பேன்!

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் கணவரின் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். என் பையன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அங்கிள், பாருங்க, நாலே மூவ்ல அம்மாவைத் தோற்கடிச்சுக் காட்டறேன்!" என்றான். சொன்னபடியே செய்தும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். "அம்மாவுக்கு சாம்பார் வைக்கத்தான் தெரியும்" என்றான் அவன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தை மேல் தப்பு இல்லை. அவன் பார்த்ததைச் சொன்னான். ஆனால் காபி போட உள்ளே போனவளுக்குப் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், எனக்கே எனக்கென்று புதிதாக என்ன கற்றுக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம், வேலையெல்லாம் முடிந்தபின் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தின நாள் எப்படித் தோற்றேன் என்று ஆடிப் பார்த்தேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். அத்தைக்கு செஸ் தெரியாது. ஆனால் ஆடுபுலி ஆட்டத்தில் ஊரில் அவரை ஜெயித்தவர்கள் கிடையாது.

"ஏம்மா, ஆடு தனியா நின்னா புலி தாண்டிடும். பின்னாடி இடம் காலியா இல்லாம இன்னொரு ஆடு நிக்கணும். நீ உன் ஆட்டையெல்லாம் அங்கங்கே மேய விட்டிருக்கியே! எதிராளி காயை வைச்சா, 'இது எதுக்கு இங்கே வந்துச்சு'ன்னு கேக்க வேணாமா?"

சகோதரிகளே, அதன்பின் நான் நாலைந்து செஸ் புத்தகங்கள் படித்தேன். அத்தை சொன்ன இந்த இரண்டு வார்த்தையைவிட உபயோகமான பாடம் எதிலும் கிடைக்கவில்லை.

அந்த நாலு மூவ் வித்தை

முதலில், குழந்தைகள் நம்மை மடக்கும் அந்த நாலு மூவ் வித்தை என்னவென்று பார்த்துவிடலாம். பலகையை எதிரில் வைத்துக்கொண்டு படித்தால் சுலபமாகப் புரியும்.

பையன் வெள்ளை, நான் கறுப்பு. அவன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். நானும் அப்படியே தள்ளினேன். அவன் ராஜா பக்கத்து மந்திரியைக் குறுக்காக மூன்று கட்டம் கொண்டுவந்தான். (சில வீடுகளில் இதை பிஷப் என்பார்கள்.) நான் ராணி பக்கத்துக் குதிரையை நடுப்பக்கமாக எடுத்து வைத்தேன். அவன் ராணியைக் குறுக்காகப் பலகையின் ஓரம் வரை கொண்டுபோனான். "ஆகா, ராணியை விரட்டலாம்" என்று நான் இன்னொரு குதிரையை எடுத்து வைத்தேன். உடனே அவன் ராணி, என் ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாயை வெட்டிக்கொண்டு ராஜாவின் மூக்கடியில் வந்து நின்றது. ராஜாவால் அதை வெட்ட முடியாது. தூரத்தில் அந்த மந்திரி காவல் நிற்கிறதே! தப்பி ஓடவும் இடமில்லை. ஆட்டம் முடிந்தது.

ஆரம்பத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு துணை கிடையாது. தனியாக மேயும் ஆடு! ராணி ஓரத்துக்கு வந்ததும், "இது எதுக்கு வந்தது?" என்று நான் கேட்டிருந்தால், ராணியும் மந்திரியும் ஒரே சிப்பாயைக் குறி வைத்திருப்பது தெரிந்திருக்கும்.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும். ராணியின் வழி அடைபடும். ராணிக்கே ஆபத்தும் வரும். ராணி பின்வாங்கி, நேர்வரிசையில் வந்து மறுபடி அதே சிப்பாயைக் குறி வைக்கலாம். இப்போது அந்தக் குதிரையை எடுத்து வைத்து மறைத்துவிடுங்கள். ஒரு மூவ் முன்னால் தப்பாக இருந்த அதே குதிரை, இப்போது சரி. எதை ஆடுகிறோம் என்பதைப்போல எப்போது ஆடுகிறோம் என்பதும் முக்கியம்.

இரண்டே கேள்விகள்

வீட்டில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் தோற்பது பெரிய திட்டம் தெரியாததால் அல்ல. காயைச் சும்மா தூக்கிக் கொடுப்பதால்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசப் போவது மாதிரி, ஒரு பக்கம் சண்டையில் மும்முரமாக இருந்துவிட்டு இன்னொரு பக்கத்தை மறந்துவிடுகிறோம். ஆகையால் காயைத் தொடும் முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: எதிராளி இப்போது வைத்த காய் எதற்காக அங்கே வந்தது?

இரண்டு: நான் வைக்கப்போகும் இடத்தில் என் காய்க்குத் துணை உண்டா? இது நகர்ந்தால், இதுவரை இது காத்துக்கொண்டிருந்த வேறு எது தனியாகிவிடும்?

முதல் மாதம் இந்தக் கேள்விகள் மறந்து மறந்து போகும். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் சீட்டு தேவைப்படவில்லை.

"தொட்ட காயை ஆட வேண்டும்" என்ற போட்டி விதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அதே விதி, பையனுக்கும் அதே விதி.

கணக்கு தெரிந்து வெட்டுங்கள்

பலகையை வைக்கும்போது உங்கள் வலது கை ஓரத்துக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கும். அதாவது வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில்.

காய்களுக்கு ஒரு விலைக் கணக்கு உண்டு. சிப்பாய் 1. குதிரை 3. மந்திரி 3. யானை 5. ராணி 9. ராஜாவுக்கு விலையே கிடையாது. அது போனால் ஆட்டமே போச்சு. யானையைக் கொடுத்து குதிரையை வாங்கினால் நமக்கு நஷ்டம். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை!

ஆரம்பத்தில் மூன்று வேலைகளை மட்டும் செய்தால் போதும். நடுச் சிப்பாயைத் தள்ளி நடுவில் இடம் பிடிப்பது முதல் வேலை. குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவருவது இரண்டாவது. காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரமாக மூலையில் வைப்பது மூன்றாவது. இது முடியும்வரை ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள். ராணியை அவசரப்பட்டு வெளியே அனுப்பாதீர்கள்; சின்னக் காய்களெல்லாம் அதைத் துரத்தித் துரத்தியே முன்னேறிவிடும். பெரிய பெரிய பேர் வைத்த ஆரம்ப ஆட்டங்களையெல்லாம் மனப்பாடம் செய்ய இப்போதைக்கு அவசியமே இல்லை.

கடைசிப் பாடத்தை முதலில்

கியூபா நாட்டு காபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். ஆட்டத்தின் முடிவுப் பகுதியை முதலில் படியுங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. காய்கள் குறைவாக இருப்பதால், ஒவ்வொரு காயின் சக்தியும் அங்கே தெளிவாகத் தெரியும்.

தனியாக இருக்கும்போது இப்படிப் பழகுங்கள். எதிரிக்கு ராஜா மட்டும். நமக்கு ராஜாவும் இரண்டு யானைகளும். ஒரு யானை ஒரு வரிசையை அடைத்து நிற்க, மற்றது அடுத்த வரிசையில் செக் கொடுக்கும். மாற்றி மாற்றி, ஏணிப்படி மாதிரி, ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். எதிரி ராஜா யானைக்கு அருகில் வந்துவிட்டால், யானையை அதே வரிசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

இது கைவந்ததும் ராணியும் ராஜாவும் மட்டும் வைத்துப் பழகுங்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. எதிரி ராஜாவுக்கு செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை என்றால் அது ஸ்டேல்மேட். ஜெயிக்கவேண்டிய ஆட்டம் சமமாகிவிடும். என் பையன் தோற்கும் நிலைமையில் இப்படி என்னிடமிருந்து தப்பித்தது எத்தனை தடவை!

பால் கணக்கோடு ஒரு கணக்கு

ஆட்டத்தை எழுதி வையுங்கள். படுக்கை வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள். நெடுக்கு வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எச் வரை எழுத்துகள். எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று குறித்தால் தீர்ந்தது. நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் எழுதினேன். தோற்ற ஆட்டத்தை மறுநாள் எடுத்துப் பார்த்து, "எந்த இடத்தில் கை தவறியது?" என்று ஒரே ஒரு மூவைக் கண்டுபிடியுங்கள். ஒரு தோல்விக்கு ஒரு பாடம் போதும்.

நேரம் ஏது என்கிறீர்களா? வாரத்தில் மூன்று நாள், அரைமணி போதும். மற்ற நாட்களில், "ஒரே மூவில் மேட்" என்கிற மாதிரிச் சின்னப் புதிர் ஒன்று. இப்போது கைபேசியிலேயே இலவசமாக ஆடலாம். ஆனால் ஒரு நிமிஷ, மூன்று நிமிஷ ஆட்டங்கள் பக்கம் போகாதீர்கள். யோசிக்கக் கற்றுக்கொள்ளும்போது அவசரம் கூடாது. ஆளுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிஷம் உள்ள ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போனை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். கோபத்தில் ஆடுகிற மூன்றாவது ஆட்டமும் தோல்விதான்; சாதமும் குழைந்துவிடும்!

பலனைப் பற்றி ஒரு வார்த்தை

செஸ் ஆடினால் குழந்தை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இங்கிலாந்தில் 100 பள்ளிக்கூடங்களை வைத்துப் பரிசோதித்து 2016ல் அறிக்கை வெளியிட்டார்கள். செஸ் கற்ற பிள்ளைகள், ஒரு வருஷம் கழித்து நடந்த கணக்குப் பரீட்சையில் மற்றவர்களைவிட அதிகமாக எதுவும் வாங்கிவிடவில்லை. ஆகவே மார்க்குக்காக ஆட வேண்டாம். ஸ்வாரஸ்யத்துக்காக ஆடுங்கள். அரைமணி நேரம் வேறு எந்தக் கவலையும் மனசுக்குள் வராது பாருங்கள், அது ஒன்றே எனக்குப் போதுமான பலன்.

பெண்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் கற்றுக் கொடுத்தது அவருடைய அம்மா சுசீலாதான். குடும்பம் மணிலாவில் இருந்தபோது, டி.வி.யில் மத்தியான வேளையில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடம் போயிருப்பான். அம்மா புதிர்களைக் குறித்து வைத்துக்கொள்வார். சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். அந்தப் பையன் 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக சாம்பியனும் ஆனார்.

கொனேரு ஹம்பி 2017ல் குழந்தை பெற்று, ஆட்டத்துக்கு இடைவெளி விட்டார். திரும்பி வந்து 2019ல் மாஸ்கோவில் பெண்களுக்கான உலக ராபிட் பட்டத்தை ஜெயித்தார். 2024ல் நியூயார்க்கில் மறுபடியும் ஜெயித்தார். 2022ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவல்லி நிறைமாத கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது.

அவ்வளவு ஏன், பலகையிலேயே பாருங்கள். இன்றைக்கு ராணி நிற்கும் இடத்தில் அந்தக் காலத்துச் சதுரங்கத்தில் நின்றது ஒரு மந்திரி. குறுக்கே ஒரே ஒரு கட்டம் மட்டும் போகக்கூடிய பலவீனமான காய். ஐரோப்பாவுக்குப் போய் அது ராணியானது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பலகை முழுக்க ஓடும் சக்தி அதற்குக் கிடைத்தது. காலம் தாழ்ந்து வந்த சக்திதான். ஆனாலும் இன்றைக்கு அதைவிடப் பலமான காய் பலகையில் இல்லையே!

பையனோடு ஆடும்போது

சரி, என் கதையை முடிக்கிறேன். அத்தை சொல்லிக் கொடுத்து ஒரு மாதம் ஆனபின், பையன் மறுபடி அந்த நாலு மூவ் வித்தையை ஆரம்பித்தான். ராணி ஓரத்துக்கு வந்தது. நான் அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். அவன் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்றான். "பாட்டிதான்" என்றேன். அன்றைக்கும் தோற்றேன். ஆனால் முக்கால் மணி நேரம் கழித்துத் தோற்றேன்.

முதல் தடவை ஜெயிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அன்றைக்கு அவன் காய்களையெல்லாம் கையால் தள்ளிவிட்டு அழுதான். பெற்ற மனசு கேட்குமா? "அம்மாவுக்கு ஏதோ அதிர்ஷ்டம்டா கண்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவன் அழுகை நின்றிருக்கும். ஆனால் நாலு மாதம் நான் உழைத்தது பொய்யாகியிருக்கும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே மறுபடி அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகவும் ஆகியிருக்கும்.

"அம்மா நல்லா யோசிச்சு ஆடினேன். நீ எந்த இடத்துல விட்டேன்னு ரெண்டு பேருமாப் பார்க்கலாமா?" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே காய்களைப் பொறுக்கி அடுக்கினான். எந்த இடம் என்று அவனேதான் கண்டுபிடித்தான்.

ஆகையால் குழந்தைக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். தோற்றுக் கொடுத்தால் எப்படியும் அது கண்டுபிடித்துவிடும். உங்கள் பலம் அதிகமானால், ராணி இல்லாமல் ஆடுங்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுங்கள். நீங்கள் தோற்கும்போது முகம் சுளிக்காமல், "நல்லா ஆடினே, எப்படிச் செஞ்சே?" என்று கேளுங்கள். தோற்பது எப்படி என்று அது உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

இப்போது அவன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். போனில் ஒரு நாளைக்கு ஒரு மூவ் என்று ஆட்டம் நடக்கிறது. "சாப்பிட்டியா?" என்று நான் கேட்டால், "சாப்பிட்டேன், உன் குதிரைக்குத் துணை இல்லை, பார்த்துக்கோ" என்கிறான். ஆடுபுலிப் பாடம் சொன்ன அத்தை இன்று இல்லை. கடைசிவரை அவருக்குக் குதிரையைத் தவிர வேறு காயின் பேர் தெரியாது.

கடிதம் எழுதிய சகோதரியே, "அப்பா வந்ததும் விளையாடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளை மத்தியானம் பலகையை எடுத்து அந்த நாலு மூவையும் தனியாக ஆடிப் பாருங்கள். சாயங்காலம் பையன் கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எத்தனை நிமிஷம் தாக்குப் பிடித்தீர்கள் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

அடுத்த இதழில் வெயில் கால வேர்க்குருவோடு சந்திக்கிறேன்!